ஜெயித்தவளை மறுபடி களத்தில் இறக்குவது

அரசாங்கம் கொடுத்த புது வீடு. அதன் படிப்பறையில் நாட்டின் அதிபரே வந்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைக்கிறார். பிஸ்கட்டின் மேல் சர்க்கரைப் பாகில் பூப்போட்டிருக்கிறது. பீட்டா போட்ட பூ. அறையில் ரோஜா மணம், அதற்கு அடியில் ரத்த வாடை. எதிரே இருக்கும் பெண்ணிடம் அதிபர் ஸ்னோ குரலை உயர்த்தவே இல்லை. களத்தில் நீ செய்த காரியத்தைச் சில மாவட்டங்கள் காதலாக எடுத்துக்கொள்ளவில்லை, கலகமாக எடுத்துக்கொண்டுவிட்டன என்கிறார். அது காதல்தான் என்று ஊரை நம்பவைக்கும் பொறுப்பு அவளுடையது. ஊருக்கு முன்னால் தன்னை நம்பவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

சூசன் காலின்ஸ் எழுதிய ‘கேட்ச்சிங் ஃபயர்’ நாவலின் இரண்டாவது அத்தியாயம் இது. ‘த ஹங்கர் கேம்ஸ்’ 2008-இல் வந்தது, இது 2009-இல், கடைசிப் பாகமான ‘மாக்கிங்ஜே’ 2010-இல். நானும் இளையோருக்காக எழுதுகிறவள். மூன்று பாகமாகத் திட்டமிட்ட ஒரு நாவலின் இரண்டாம் பாகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. நடுப்பாகத்தை எப்படி எழுதுவது என்று கூட எழுதுகிறவர்கள் யாராவது கேட்டால் நான் விளக்கம் சொல்வதில்லை. இந்த அத்தியாயத்தைக் கையில் கொடுத்துவிடுகிறேன். அடுத்து வரும் பக்கங்கள் முழுவதற்குமான விசை அந்தப் படிப்பறையில்தான் முறுக்கி ஏற்றப்படுகிறது.

முதல் பாகத்தைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். வட அமெரிக்கா இருந்த இடத்தில் பானெம் என்றொரு நாடு. செல்வமெல்லாம் கேப்பிட்டல் என்ற தலைநகரத்தில். அதற்கு உழைத்துக்கொட்ட 12 மாவட்டங்கள். என்றோ நடந்த கிளர்ச்சிக்குத் தண்டனையாக, மாவட்டத்துக்கு ஓர் ஆண் ஒரு பெண் என்று 12 முதல் 18 வயது வரையிலான 24 பிள்ளைகளை ஆண்டுதோறும் குலுக்கல் போட்டு எடுத்துக் களத்தில் விடுவார்கள். ஒருவர் மிஞ்சும்வரை அவர்கள் ஒருவரை ஒருவர் கொல்ல வேண்டும். அதை நாடே தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். தங்கை பிரிம்மின் பெயர் விழுந்ததும் அக்கா காட்னிஸ் எவர்டீன் தானே முன்வந்து போகிறாள். கடைசியில் அவளும் அதே ஊர்க்காரனான பீட்டாவும் மிஞ்சுகிறார்கள். ஒருவரை ஒருவர் கொல்வதற்குப் பதிலாக இருவருமே விஷக்காய்களை வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். ஜெயித்தவரே இல்லாமல் போட்டி முடிந்துவிடுமோ என்று பதறிப்போய், போட்டியை நடத்துகிறவர்கள் இருவருமே வெற்றி பெற்றதாக அறிவிக்கிறார்கள்.

அதோடு கதை தன்னளவில் முடிந்துவிட்டது. பிள்ளைகள் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இனி என்ன எழுதுவது? இந்த இடத்தில் எழுதுகிறவருக்கு உடனே தோன்றுவது, ஆபத்தைப் பெரிதாக்கலாம் என்பதுதான். இன்னும் பெரிய எதிரி, இன்னும் அதிகச் சாவு, இன்னும் வேகமான ஓட்டம். 2012-இல் வந்த வெரோனிகா ராத்தின் ‘இன்சர்ஜென்ட்’ அந்த வழியில் போகிறது. முதல் பாகம் விட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டு ஓடுகிறது. படிக்கும்போது விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஓடிக்கொண்டே இருக்கிற கதாபாத்திரத்துக்குத் தான் முன்பு செய்ததைத் திரும்பிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. நடுப்பாகத்துக்கு மட்டுமே கிடைக்கிற வசதி அந்தத் திரும்பிப் பார்த்தல். அதைக் கைவிடுவது எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

காலின்ஸ் அதை விடவில்லை. அந்த ஒரு கை விஷக்காயை எடுத்துக்கொண்டு, அது இப்போது யாருக்குச் சொந்தம் என்று கேட்கிறார். காட்னிஸுக்கு அது உயிர் பிழைக்கச் செய்த காரியம். பீட்டாவுக்கு அது காதல். ஊரில் அவளோடு வேட்டைக்குப் போகும் கேலுக்கு அது கண்ணெதிரே நடந்த இழப்பு. போட்டியை நடத்திய செனெக்கா கிரேனுக்கு அது மரண தண்டனை. ஸ்னோவுக்கு அது காட்டுத்தீயின் முதல் பொறி. தொலைவில் ஏதோ ஒரு ஆலையில் தறி ஓட்டுகிறவர்களுக்கு, கேப்பிட்டலை மிரட்டிப் பணியவைக்க முடியும் என்பதற்கான அத்தாட்சி. செய்தவளுக்கே தெரியாத அர்த்தங்கள். முதல் பாகத்தில் அவள் ஒன்றைச் செய்தாள். இரண்டாம் பாகம் முழுக்க அந்தச் செய்கை அவளைத் துரத்துகிறது. மூன்று பாக நாவலில் நடுப்பாகத்துக்கு இதைவிட நல்ல கச்சாப்பொருள் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வேலைமுறை ஒன்று உண்டு. ஒரு கோடு போட்ட நோட்டில், இடப்பக்கத்தில் முதல் பாகத்தின் உச்சக் காட்சியை நாலு வரியில் எழுதிவைப்பேன். வலப்பக்கத்தில், அது நடந்தபோது யார் யார் எங்கே இருந்தார்கள், மறுநாள் காலையில் எழுந்ததும் என்ன செய்தார்கள் என்று எழுதிக்கொண்டே போவேன். என் நாவலில் குடிதண்ணீரைப் பங்கீட்டு அட்டைக்குக் கொடுக்கும் ஓர் ஊர் வருகிறது. முதல் பாகத்தின் முடிவில் நாயகி இரவோடு இரவாக நீர்த்தேக்கத்தின் மதகைத் திறந்துவிடுகிறாள். ஊரே கொண்டாடுகிறது, பாகம் முடிகிறது. வலப்பக்கம் எழுத ஆரம்பித்ததும், அன்று இரவு மதகுக் காவலில் இருந்த வாட்ச்மேன் வந்து நின்றார். அவருக்கு வேலை போயிருக்கும். ஒருவேளை சிறை. அவருடைய மகள் என் நாயகியின் வகுப்பில் படிக்கிறாள். முதல் பாகத்தில் பெயர்கூட இல்லாத அந்த மனிதர்தான் இரண்டாம் பாகத்தின் கதவைத் திறந்துவிட்டார்.

காலின்ஸ் தன் வலப்பக்கத்தை எப்படி நிரப்பினார் என்பதைப் பார்க்க 11-ஆம் மாவட்டக் காட்சி போதும். ஹங்கர் கேம்ஸில் ஜெயித்தவர்கள் எல்லா மாவட்டங்களுக்கும் வெற்றி உலா போக வேண்டும். அந்த உலாவை இரண்டு போட்டிகளுக்கும் ஏறக்குறைய நடுவே வைத்திருக்கிறார்கள், ஆறு மாதத்தில் பயம் ஆறிவிடாமல் இருக்க. உலாவின் முதல் நிறுத்தம் 11. களத்தில் காட்னிஸின் கூட்டாளியாக இருந்து செத்துப்போன சிறுமி ரூவின் ஊர். மேடைக்கு எதிரே செத்தவர்களின் குடும்பங்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ரூவின் அப்பா, அம்மா, அவளைப் போலவே இருக்கும் ஐந்து குழந்தைகள்.

இந்தக் காட்சியில் ஒவ்வொருவரும் செய்வது நல்ல காரியம். அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பீட்டா எழுதிக்கொடுத்த உரையை விட்டு விலகி, தங்கள் வெற்றிப் பணத்தில் ஆண்டுக்கு ஒரு மாதப் பங்கை அந்தக் குடும்பங்களுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறான். காட்னிஸால் சும்மா இருக்க முடியவில்லை. ரூவைப் பற்றி மனதில் இருப்பதைப் பேசுகிறாள். கூட்டத்தில் ஒரு முதியவர் ரூவின் நாலு சுர மெட்டைச் சீட்டியடிக்கிறார். பழத்தோட்டத்தில் வேலை முடிந்தது என்று ரூ அறிவிக்கும் மெட்டு அது. கூட்டம் மொத்தமும் மூன்று விரலை உதட்டில் வைத்து எடுத்து அவளை நோக்கி நீட்டுகிறது. இதில் யாரும் கலகம் பேசவில்லை. நன்றி சொன்னார்கள், அவ்வளவுதான். காட்னிஸ் விட்டுவந்த பூங்கொத்து நினைவுக்கு வந்து திரும்பும்போது, அந்த முதியவரைப் படிக்கட்டுக்கு இழுத்துவந்து தலையில் சுடுவதைப் பார்க்கிறாள். பூங்கொத்தை மறக்காமல் இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்தே இருக்காது. நல்ல மனதோடு பேசிய பேச்சு ஒரு கிழவரின் உயிரை எடுத்துவிட்டது. ஸ்னோ படிப்பறையில் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை என்று வாசகருக்கு இப்போது தெரியும். அதற்கு ஒரே ஒரு சாவுதான் தேவைப்பட்டது. அதுவும் பெயர் தெரியாத ஒருவரின் சாவு.

அந்த மூன்று விரல் சைகையின் பயணத்தைக் கவனியுங்கள். முதல் பாகத்தில் அது 12-ஆம் மாவட்டத்துப் பழைய வழக்கம், சவ அடக்கத்தில் எப்போதாவது பார்ப்பது. நன்றி, மதிப்பு, பிரிவு எல்லாம் சேர்ந்தது. இரண்டாம் பாகத்தில் அது வேறொரு மாவட்டத்துக்குப் போய், நூற்றுக்கணக்கான கைகளில் ஒரே நேரத்தில் உயர்கிறது. வழக்கம் அடையாளமாக மாறிய இடம் அது. நாவலுக்கு வெளியேயும் அது மாறியது. 2014-இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எதிர்த்தவர்கள் இதே மூன்று விரலை உயர்த்தினார்கள், அதற்காகக் கைதும் ஆனார்கள். 2021-இல் மியான்மர் தெருக்களிலும் அதைப் பார்த்தோம். பிள்ளைகளுக்காக எழுதுவது சின்ன வேலை என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்தக் கைகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

பத்தாவது படிக்கும் என் அக்கா மகளுக்கு இந்த நாவலைக் கொடுத்திருந்தேன். “சித்தி, பாதி புக்கு தாண்டியும் களம் வரவே இல்ல. ஆனா கீழ வைக்க முடியல, எப்படி?” என்று கேட்டாள். எழுதுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. மூன்று நாவல்களுமே ஒவ்வொன்றும் 27 அத்தியாயம், ஒன்பது ஒன்பதாக மூன்று பகுதி. காலின்ஸ் நாடக எழுத்து படித்தவர், குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பல ஆண்டு எழுதியவர். அந்த அளவு சுத்தம் அங்கிருந்து வந்தது. ‘கேட்ச்சிங் ஃபயர்’ நாவலில் 18 அத்தியாயம் முடிந்த பிறகுதான் களத்தில் கால் வைக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு நாவல் களத்துக்கு வெளியே நடக்கிறது.

கீழே வைக்க முடியாமல் போவதற்குக் காரணம், ஒவ்வொரு அத்தியாயத்திலும் காட்னிஸ் தப்பிப்பதற்கான ஒரு வழி அடைபடுகிறது. காதல் நாடகம் ஆடிப் பார்க்கிறாள். பீட்டா நாடறிய மேடையில் திருமணம் செய்துகொள்ளக் கேட்கிறான். மேடைக்கு வந்த ஸ்னோவை அவள் பார்வையாலேயே கேட்கிறாள், அவர் கண்ணுக்குத் தெரியாத அளவு தலையை ஆட்டுகிறார். போதவில்லை. அந்த வழி முடிந்தது. காட்டுக்குள் ஓடிவிடலாம் என்று கேலிடம் சொல்கிறாள். அவனும் கிளம்பச் சம்மதிக்கிறான். எட்டாவது மாவட்டத்தில் மக்கள் எழுந்துவிட்டார்கள் என்று அவள் வாய் தவறிச் சொன்னதும் அவன் முகம் மாறிவிடுகிறது. எல்லோரும் எழுந்து நிற்கிற நேரத்தில் ஓடுவதா என்கிறான். அந்த வழியும் முடிந்தது. இத்தனை காலம் பெயருக்கு நின்ற கம்பி வேலியில் மின்சாரம் பாய்கிறது. கள்ளச்சந்தை எரிகிறது. வில்லன் புதிதாக எதையும் செய்வதே இல்லை. ஏற்கெனவே இருந்த சட்டங்களை இப்போது அமல்படுத்துகிறார், அவ்வளவே.

கேல் சவுக்கடி வாங்குகிற இடம் இதற்கு நல்ல உதாரணம். அவன் செய்த குற்றம் என்ன? காட்டில் ஒரு வான்கோழி பிடித்தான். காவல் தலைவர் க்ரேக்கு வான்கோழி பிடிக்கும், எப்போதும் அவர் வீட்டுக் கதவைத் தட்டித்தான் விற்பான். அன்றும் தட்டினான். கதவைத் திறந்தவர் புதிதாக வந்த காவல் தலைவர் ரோமுலஸ் த்ரெட். பழைய அதிகாரி இருந்த இடத்தில் வேறொருவர் நிற்கிறார் என்பதிலேயே ஊர் மாறிவிட்டது. திரைப்படத்தில் இந்தக் காரணத்தை மாற்றி, கேல் காவலர் மேல் பாய்வதாக வைத்தார்கள். காட்சியாகப் பார்க்க அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வழக்கமாக நடந்த ஒரு சின்ன விற்பனை திடீரென்று முதுகுத்தோலை உரிக்கும் குற்றமாகிவிடுவதில் இருக்கிற பயங்கரம் வேறு. கொடுங்கோலாட்சியில் சாமானியருக்கு நேருவது அப்படித்தான். நேற்று வரைக்கும் செல்லுபடியான பழக்கம் இன்று செல்லாது. இந்த வான்கோழியை நான் நாவலின் பெரிய சாதனைகளில் ஒன்றாக வைப்பேன்.

பிறகு அந்த அறிவிப்பு வருகிறது. ஹங்கர் கேம்ஸ் ஒவ்வொரு 25-ஆவது ஆண்டும் ‘க்வார்ட்டர் க்வெல்’ என்ற பெயரில் தனி விதியோடு நடக்கும். 25-ஆவது ஆண்டில் யாரை அனுப்புவது என்று மாவட்டங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 50-ஆவது ஆண்டில் இரண்டு மடங்கு பிள்ளைகள். இப்போது 75. வெள்ளை உடை போட்ட சிறுவன் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வருகிறான். உள்ளே மஞ்சளடித்துப்போன உறைகள் வரிசையாக நிற்கின்றன, நூற்றாண்டுகளுக்குப் போதுமான உறைகள். ஸ்னோ 75 என்று போட்ட உறையை எடுத்துப் பிரித்துப் படிக்கிறார்: இந்த முறை ஏற்கெனவே ஜெயித்தவர்களிலிருந்தே போட்டியாளர்களை எடுக்க வேண்டும். 12-ஆம் மாவட்டத்தில் ஜெயித்து உயிரோடிருக்கும் ஒரே பெண் காட்னிஸ்.

அந்த விதி 75 ஆண்டுக்கு முன்னால் எழுதப்பட்டதா, போன வாரம் எழுதி உறைக்குள் செருகியதா? காட்னிஸுக்குச் சந்தேகம் வருகிறது, நமக்கும் வருகிறது. நாவல் அதைத் தீர்த்துவைக்கவே இல்லை. நான் இந்த இடத்தில் அசந்து நிற்பது திருப்பத்துக்காக அல்ல, அதற்குப் போட்ட அடித்தளத்துக்காக. ஓர் உறையும் ஒரு பெட்டியும் ஒரு சடங்கும் இருப்பதால் எழுத்தாளரின் வசதிக்காக வந்த விதி என்று வாசகர் முகம் சுளிப்பதில்லை. வசதிக்காகச் செய்தவர் ஸ்னோ என்றே நினைக்கிறார். கதைக்குத் தேவையான வளைவை வில்லனின் கையிலேயே கொடுத்துவிட்டால் அது கதைக்குள் நடந்த சதியாகிவிடுகிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் படித்து வளர்ந்த எனக்கு அத்தியாய முடிவில் ஒரு திருப்பம் வைப்பது கைப்பழக்கம். அந்தத் திருப்பத்துக்கு யார் பொறுப்பு என்று கதைக்குள்ளேயே ஓர் ஆளைக் காட்ட வேண்டும் என்பதை இந்த நாவலில்தான் படித்தேன்.

மறுபடியும் களமா, அதே போட்டியா என்று குறைப்பட்டவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் முறை களத்தில் இறங்கியவர்கள் ஒருவரை ஒருவர் அறியாத பிள்ளைகள். இந்த முறை பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள், நண்பர்கள், உயிருக்கு இனி ஆபத்தில்லை என்று வாக்குறுதி பெற்றவர்கள். 80 வயது மேக்ஸ் இருக்கிறார், மனநிலை குலைந்த ஆனி என்ற பெண்ணுக்குப் பதிலாகத் தானே முன்வந்தவர். எட்டாவது மாவட்டத்து செசிலியாவை அழைக்கும்போது மூன்று குழந்தைகள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொள்கிறார்கள். 14 வயதில் ஜெயித்த ஃபின்னிக், கோபத்தை மறைக்கத் தெரியாத ஜோஹானா. களத்துக்கு முந்திய இரவில் இந்த 24 பேரும் மேடையில் கைகோத்து நிற்கிறார்கள். அரசாங்கம் அவசரமாக ஒளிபரப்பை வெட்டுகிறது. அதே போட்டிதான். ஆனால் கொல்ல வேண்டியது யாரை என்ற கேள்வி மாறிவிட்டது. காலின்ஸ் மூன்றாம் பகுதிக்கு ‘எதிரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

களத்தின் வடிவமும் முதல் பாகத்தைப் போல இல்லை. நடுவில் உப்புநீர், சுற்றிலும் காடு, எல்லாம் 12 துண்டுகளாகப் பிரிந்த ஒரு கடிகாரம். ஒவ்வொரு மணி நேரமும் ஒவ்வொரு துண்டில் ஒரு கொடுமை விழித்துக்கொள்ளும். ஓரிடத்தில் இடி, ஓரிடத்தில் ரத்த மழை, ஓரிடத்தில் நரம்பைத் தாக்கும் மூடுபனி, ஓரிடத்தில் குரங்குகள். குழம்பிப்போய் ‘டிக் டாக்’ என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் வைரெஸ் என்ற போட்டியாளர்தான் அதை முதலில் கண்டுபிடிக்கிறாள், மற்றவர்கள் அவளைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது. இதற்கான விதை எங்கே போட்டிருக்கிறது தெரியுமா? கேப்பிட்டல் விருந்தில். புதுத் தலைமை ஆட்ட அமைப்பாளர் ப்ளூடார்க் ஹெவன்ஸ்பீ காட்னிஸோடு நடனமாடிவிட்டுத் தங்கப் பைக்கடியாரம் ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். கண்ணாடிமேல் கட்டைவிரலை ஓட்டினதும் மாக்கிங்ஜே பறவை ஒரு கணம் ஒளிர்ந்து மறைகிறது. அவள் அதை ஆடம்பரம் என்று நினைத்து மறந்துவிடுகிறாள். நாமும் மறந்துவிடுகிறோம்.

களத்தில் பாராசூட்டில் ரொட்டி வந்து இறங்குகிறது. மூன்றாம் மாவட்டத்து ரொட்டி, 24 எண்ணம். ஃபின்னிக் அதை எண்ணிப் பார்க்கிறான். பசி நேரத்தில் யாரும் எண்ணித்தானே பங்கு போடுவார்கள்? கடைசி அத்தியாயத்தில்தான் தெரிகிறது: மாவட்டத்தின் எண் நாளைக் குறிக்கிறது, ரொட்டியின் எண்ணிக்கை மணியைக் குறிக்கிறது. மூன்றாம் நாள் நள்ளிரவில் மீட்பு. துப்பை வாசகரின் கண்ணுக்கு நேரே வைத்து, அதற்கு ஓர் அன்றாடக் காரணமும் கொடுத்துவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதை எழுதுவது கஷ்டம். என் கையெழுத்துப் பிரதியில் இப்படி ஒன்றை ஒளித்துவைக்கும்போதெல்லாம், அந்தப் பொருளுக்கு அந்த நேரத்தில் வேறொரு உண்மையான வேலை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். ரொட்டிக்கு வேலை பசியாற்றுவது. அதைச் செய்துகொண்டே ரகசியத்தையும் சுமக்கிறது.

காட்னிஸுக்குத் தெரியாமல் அவளைச் சுற்றி இவ்வளவும் நடக்கிறது. களத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவளையும் பீட்டாவையும் உயிரோடு வைத்திருக்க ஒப்புக்கொண்டு வந்தவர்கள். அவளை வழிநடத்திய ஹேமிட்ச்சுக்கு எல்லாம் தெரியும். நாவல் முழுக்க அவள் வாயிலாக, நிகழ்காலத்தில் நடக்கிறது. அவளுக்குத் தெரியாதது எதுவும் நமக்கும் தெரியாது. நாயகி அடுத்தவர் கையில் காயாக இருக்கிறாளே என்று சிலர் வருத்தப்படுவார்கள். அந்த வருத்தம் நாவலில் அவளுக்கும் இருக்கிறது, அதைத்தான் அது எழுதுகிறது. கிளர்ச்சியின் பக்கமும் அவளிடம் அனுமதி கேட்கவில்லை. ஸ்னோ அவளைப் பயன்படுத்தினார், நல்லவர்களும் பயன்படுத்தினார்கள். கடைசியில் சக போட்டியாளரான பீட்டியின் கம்பியை அம்பில் சுற்றி, களத்தை மூடியிருக்கும் விசைத்திரையை நோக்கி அவள் எய்வது மட்டும் அவளாகவே எடுத்த முடிவு. யாரும் சொல்லிக்கொடுக்காத அந்த ஒரு அம்பு அத்தனை கனமாக விழுவதற்குக் காரணம், அதுவரை அவள் கையில் எதுவுமே இல்லாமல் இருந்ததுதான்.

நடுப்பாகத்துக்கு இது ஒன்றுதான் வழி என்று நான் நினைக்கவில்லை. அதே 2009-இல் வந்த பாட்ரிக் நெஸ்ஸின் ‘தி ஆஸ்க் அண்ட் தி ஆன்சர்’ வேறொரு திசையில் போகிறது. அவருடைய முதல் பாகத்தில் டாட் என்ற பையன் ஒருவனே கதை சொல்கிறான். இரண்டாம் பாகத்தில் டாடும் வயோலாவும் மாறி மாறிச் சொல்கிறார்கள், வேறு வேறு எழுத்துருவில். மூன்றாம் பாகத்தில் மூன்றாவது குரல் ஒன்று சேர்ந்துகொள்கிறது. ஒரே ஊரின் இரண்டு பக்கத்தில் இருவரையும் பிரித்து வைத்துவிட்டு, ஒருத்தியைக் குண்டு வைக்கும் எதிர்ப்பாளர்களிடமும் ஒருவனைக் கொடுங்கோலனிடமும் விட்டுவிடுகிறார் நெஸ். டாட் அந்தக் கொடுங்கோலனுக்காக ஸ்பேக்கிள் என்ற பூர்வகுடிகளின் கைகளில் எண் பொறித்த இரும்பு வளையத்தைப் பூட்டுகிறான். முதல் பாகத்தில் நாம் நேசித்த பையன். படிக்கப் படிக்கக் கை நடுங்குகிறது. காலின்ஸ் தன் நாயகியின் நல்ல செய்கைக்கு என்ன விலை என்று காட்டுகிறார். நெஸ் தன் நாயகனை ஒவ்வொரு சின்னச் சமாதானமாகச் சொல்லவைத்துக் கெட்ட செய்கைக்குள் நடத்திச் செல்கிறார். எனக்கு நெஸ்ஸின் நாவல்தான் அதிக துணிச்சலானது என்று தோன்றுகிறது. ஆனாலும் எழுத உட்காரும்போது நான் கையில் எடுப்பது காலின்ஸைத்தான். அவருடைய மூட்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரயிலில் போகும்போது காட்னிஸும் பீட்டாவும் 50-ஆவது ஆண்டுப் போட்டியின் பதிவைப் போட்டுப் பார்க்கிறார்கள், ஹேமிட்ச் ஜெயித்த போட்டி. மலைவிளிம்பில் இருக்கும் விசைத்திரை எறிந்த பொருளைத் திருப்பி எறியும் என்று கண்டுபிடித்து அவர் ஜெயிக்கிறார். பின்னால் வரப்போகும் முடிவுக்கான விசைத்திரையை அங்கேயே அறிமுகப்படுத்தியாயிற்று. ஒரு அத்தியாயத்துக்குள் அடங்குகிற விஷயம். அந்தச் சில பக்கங்கள் 16 ஆண்டு கழித்து, 2025-இல், ‘சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்’ என்ற முழு நாவலாக வந்தன. இவர்கள் பார்த்த பதிவே கேப்பிட்டல் வெட்டி ஒட்டியது என்று அதில் தெரிகிறது. நடுப்பாகத்தின் பக்கவாட்டு அறைகளை அவசரத்தில் கட்டிவிடக் கூடாது என்று எனக்கு அதிலிருந்து ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

முடிவைப் பற்றி. விசைத்திரை வெடிக்கிறது. காட்னிஸ் விமானத்தில் கண் விழிக்கிறாள். ஹேமிட்ச் எல்லாவற்றையும் சொல்கிறார், அவள் அவர் முகத்தை நகத்தால் கிழிக்கிறாள். பீட்டா கேப்பிட்டலின் பிடியில் சிக்கிவிட்டான். இந்த நாவல் முடிக்காமல் தொங்கவிடுகிறது என்பார்கள். எனக்கு அது முடிந்ததாகவே படுகிறது. இரண்டாம் அத்தியாயத்தில் ஸ்னோ வைத்த நிபந்தனைக்குப் பதில் வந்துவிட்டது: அவளால் அணைக்க முடியவில்லை, மாவட்டங்கள் எரிகின்றன. அந்தக் கேள்வியை மூடிய பிறகுதான் அடுத்த கேள்வியைத் திறக்கிறார். அதைத் திறக்கும் வேலை ஹேமிட்ச்சுக்கோ ப்ளூடார்க்குக்கோ கொடுக்கப்படவில்லை, கேலுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. களத்தோடு ஒட்டாதவன், காட்டுக்காரன், ஊர்க்காரன். அம்மாவையும் பிரிம்மையும் வெளியே கொண்டுவந்துவிட்டதாகச் சொல்கிறான். பிறகு 12-ஆம் மாவட்டம் இப்போது இல்லை என்கிறான். நாவல் அங்கே நின்றுவிடுகிறது. அதே செய்தியை ஓர் அதிகாரி சொல்லியிருந்தால் அது தகவல். கூட வேட்டையாடியவன் வாயில் அது வேறு.

செய்தி என்ன என்பதை முடிவு செய்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட, அதை யார் சொல்வது என்று முடிவு செய்ய நான் இப்போதெல்லாம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். என் இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் நீர்த்தேக்கத்துக்கு என்ன ஆயிற்று என்று நாயகிக்குத் தெரிய வேண்டும். அதை அந்த வாட்ச்மேனின் மகள் சொல்கிறாள். அப்பாவை இழந்தவள் அதைச் சொல்லும்போது குற்றம் சாட்டுவாளா, இல்லை சாதாரணமாகச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவாளா என்று இந்த வாரம் முழுக்க இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.